முக்கால் சாண் ஸ்டிக்கர்

ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினை எப்படி ஓட்டுவது என்று, கடைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தரப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருபத்தேழு வருடம் இந்தக் கடையில் வேலை பார்த்தும் அதில் இரண்டு பட்டனைத்தான் நான் தொட்டிருக்கிறேன். ஒன்று ஓட வைப்பது, இன்னொன்று நிறுத்துவது. மூன்றாவதைத் தொட்ட அன்று அது ஒரு ரோல் முழுக்க சைபராக வெட்டித் தள்ளியது. நம் முதலாளி தவுக்கே அந்த ரோலை இன்னும் தூக்கிப் போடவில்லை. நான் அதிகம் பேசினால் எடுத்துக் காட்டுவதற்காக வைத்திருக்கிறார்.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம். வேலை கேட்டு இந்தக் கடைக்கு வந்தபோது, மெஷின் வெட்டிய ஷீட்டில் எழுத்தை விட்டுவிட்டு மற்றதை உரித்து எடுக்க வேண்டும் என்று தவுக்கே காட்டினார். களை எடுக்கிற வேலைதானே, பதினாலு வயதிலிருந்து செய்கிறேன், இங்கே அட்டை கடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

இங்கிலீஷ் எழுத்தெல்லாம் முகத்தைப் பார்த்துத்தான் பழகினேன். அப்படியே நாடுகளும் பழகின. எல்லை தாண்டுகிற வண்டிக்குப் பின்னால் ஒட்டும் முட்டை ஸ்டிக்கர் இருக்கிறதே, வெள்ளை முட்டை, கறுப்பு எழுத்து, அதில் நம் நாட்டுக்கு எம்.ஏ.எல். சிங்கப்பூருக்கு எஸ்.ஜி.பி. தாய்லாந்துக்கு ஒற்றை டி. லாவோஸுக்கு எல்.ஏ.ஓ. அளவும் முக்கியம். காருக்கு என் கையால் ஒரு சாண் அகலம், மோட்டார் சைக்கிளுக்கு முக்கால் சாண். உங்களுக்கு மில்லிமீட்டர் தெரியும். என் சாணும் உங்கள் மில்லிமீட்டரும் இதுவரை சண்டை போட்டதில்லை.

ஒரு முறை சித்தியவானிலிருந்து ஒருவர் புது காரில் வந்தார். குடும்பத்தோடு ஹாட்யாய் போகிறாராம்.

"அக்கா, டி ஒண்ணு வெட்டுங்க. பெருசா."

"டி எதுக்குண்ணே?"

"தாய்லாந்துக்குப் போறோம்ல."

"நீங்க தாய்லாந்துக்காரரா?"

"இல்லலா. போறது அங்க."

"கல்யாண வீட்டுக்குப் போறப்ப மாப்பிள்ள பேர உங்க சட்டைல எழுதிக்கிட்டா போவீங்க?"

காருக்குள் இருந்த அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். வண்டி எங்கே போகிறது என்று அந்த முட்டை சொல்வதில்லை. எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சொல்கிறது. எல்லையில் சிலர் அதைக் கேட்பார்கள், சிலர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கேட்கிறவரிடம் மாட்டினால் என்ன செய்வது என்றுதான் எல்லோரும் ஒட்டிக்கொண்டு போகிறார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது, நான் செய்த ஒரு தப்பை. வெட்டியதில் தப்பில்லை. வெட்டியதைக் கொடுக்காமல் வைத்திருந்ததுதான் தப்பு.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். எங்கள் பிளாட்டில் எனக்கு மேல் மாடியில் லூர்து என்று ஒருத்தி. அவளும் தோட்டத்துக்காரிதான், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள், செலின். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற நிலையத்தில் நர்ஸ், வயது இருபத்தொன்பது. பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். லூர்து அதைப் பார்க்கிற போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் செலின் கடைக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, என் மோட்டருக்கு ஒரு முட்டை வேணும்."

"பொரிச்சதா, அவிச்சதா?"

"எம்.ஏ.எல். போட்டது லா. நாங்க ஆறு பேரு லாவோஸ் போறோம். மெக்கோங் ஆத்துல கால வெச்சுட்டுத் திரும்பிருவோம். மூணு வாரம். ரெண்டு வருஷமா லீவ சேத்து வெச்சிருக்கேன்."

"சும்மா கால வெக்கவா அவ்வளவு தூரம்? நம்ம ஊரு கிந்தா ஆத்துல வெச்சா ஒட்டாதா?"

"தினமும் படுத்திருக்கிற ஆளுங்களையே பாக்குறேன் ஆன்ட்டி. எங்கயாச்சும் போகணும்னு அவங்கல்லாம் பேசிக்கிட்டே இருப்பாங்க. அவங்களால முடியாது. என்னால முடியும்ல?"

அவர்கள் கூட்டத்துக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். பேப்பர், இன்சூரன்ஸ், ஸ்டிக்கர் மூன்றும் சரியாக இருக்கிற வண்டிதான் கூட வரலாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிளம்புவதற்கு இரண்டு வாரம் இருந்தது. அன்று மதியத்துக்குள் ஸ்டிக்கரை வெட்டி, களை எடுத்து, கவரில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் செலின் வருவதற்கு முன்னால் லூர்து வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், கையில் பினாயில் வாசம்.

"அக்கா, அந்த ஸ்டிக்கர் இல்லன்னு சொல்லிரு."

"ஏன்டி?"

"அது இல்லாட்டி கூட்டிட்டுப் போக மாட்டாங்களாம். அவங்க போயிட்டா இவளும் விட்டுருவா. நான் சொன்னா கேக்க மாட்டா. நீ இல்லன்னு சொன்னா இல்லதானே."

"வேற கடை இல்லயா ஊர்ல?"

"உன் கையால செஞ்சாத்தான் நல்லாருக்கும்னு சொல்லிட்டுத் திரியுறா. எனக்கு ஒரே பிள்ளக்கா. அவ்வளவு தூரம், தெரியாத ரோடு. எனக்குத் தூக்கம் போயி ஒரு மாசம் ஆச்சு."

சொல்லிவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நீங்கள் இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். நானும் சொன்னேன். கவரை என் மேஜை டிராயரில், டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

செலின் வந்தாள். வெள்ளை ஷீட் முடிந்துவிட்டது, கே.எல்.லிலிருந்து வர வேண்டும் என்றேன். எனக்குப் பின்னால் வெள்ளை ரோல் என் உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கிறது.

"அது என்ன ஆன்ட்டி?"

"அது வேற வெள்ளை."

அவள் நம்பினாள். நாலு நாள் கழித்து மறுபடி வந்தாள். லோரி வரவில்லை என்றேன். கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் வந்தாள். வந்தது, ஆனால் அளவு மாறி வந்துவிட்டது, திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். பொய் சொல்வதில் ஒரு சௌகரியம், இரண்டாவது முதலாவதைவிட லேசாக வரும். மூன்றாவது தானாகவே வரும்.

சனிக்கிழமை காலை ஐந்து வண்டிகள் போய்விட்டன. செலின் வீட்டில் இருந்தாள். லூர்து எனக்கு மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று ரகசியமாகச் சிரித்தோம். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக எங்களுக்கு நினைப்பு.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். செலின். முழங்காலுக்கு உறை, கனமான ஜாக்கெட். இரண்டு பக்கமும் பை கட்டியிருக்கிறது. கையில் கொய்யாப்பழம் ஒரு பொட்டலம்.

"ஆன்ட்டி, இது உங்களுக்கு. எனக்காக மூணு தடவ கேட்டுப் பாத்தீங்கல்ல. ஸ்டிக்கர் வரலன்னா பரவால்ல, விடுங்க, வழியில எந்தக் கடையிலயாச்சும் வாங்கி ஒட்டிக்கிறேன். இப்ப நான் கெளம்புறேன்."

"எங்க?"

"அவங்க ஹாட்யாய்ல நாளைக்கு வரைக்கும் இருக்காங்க. இப்ப விட்டா சாயங்காலத்துக்குள்ள பிடிச்சிருவேன்."

"தனியாவா?"

"வேற யாரு இருக்கா? கொஞ்சம் வேகமா போனா முடியும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஸ்கூல்ல இருக்கு. சொன்னா அழும். அங்க போய்ச் சேந்துட்டு போன் பண்ணிக்கிறேன். நீங்களும் சொல்லிராதீங்க."

கொய்யாப்பழத்தை வாங்கி மேஜையில் வைத்தேன். ஐந்து பேருக்கு நடுவில், முன்னால் இரண்டு வண்டி, பின்னால் மூன்று வண்டி என்று பத்திரமாகப் போக வேண்டிய பிள்ளை. நாங்கள் இரண்டு கெட்டிக்காரிகளும் சேர்ந்து அவளைத் தனியாக, அவசரமாக, அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்புகிறோம். அவளுக்கு ஏதாவது ஆனால் ஹாட்யாய் ரோட்டுக்கு அதில் பங்கில்லை. என் டிராயருக்குத்தான் பங்கு.

அவள் மாட்டிக்கொள்ள ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டாள். எனக்கு ஒரு நிமிடம்தான் இருந்தது. பின் டயரில் காற்றுக் குறைவாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்தலாமா என்று நாலாவது பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினேன். உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் சாவி அவள் கையில். கோபத்தோடு வண்டி ஏறுகிற பிள்ளை முதலில் ஆக்ஸிலேட்டரைத்தான் திருகும். நீங்களும் இதை மனதில் வையுங்கள். வாடிக்கையாளருக்குக் கோபம் வரப்போகிற விஷயத்தை, அவர் கையில் சாவி இருக்கும்போது சொல்லாதீர்கள்.

"செலினு, சாவிய இந்த மேஜ மேல வை."

"ஏன் ஆன்ட்டி?"

"வை. ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு எடுத்துக்க, நான் பிடுங்க மாட்டேன்."

வைத்தாள். நான் டிராயரைத் திறந்து, டிபன் டப்பாவை நகர்த்தி, கவரை எடுத்துச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள்.

"வந்திருச்சா?"

"நீ கேட்ட அன்னைக்கே செஞ்சது. ரெண்டு வாரமா இங்கதான் இருக்கு. உங்கிட்ட மூணு தடவ பொய் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்த வெள்ளை ரோலைப் பார்த்தாள். பிறகு திரும்ப என்னை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாரு சொல்லச் சொன்னா?"

"பொய் சொன்ன வாயி என்னோடது. ஏன்னு உங்கம்மா வந்து சொல்லும். அது வர்ற வரைக்கும் உக்காரு."

லூர்துக்குப் போன் போட்டேன். செலின் கடையில் இருக்கிறாள், நல்லபடியாக இருக்கிறாள், உடனே வா என்று இந்த வரிசையிலேயே சொன்னேன். வரிசை மாறியிருந்தால் அவள் வழியிலேயே விழுந்திருப்பாள். பத்து நிமிடத்தில் வந்தாள். யாருடைய மோட்டாரிலோ பின்னால் ஏறி வந்திருக்கிறாள். கையில் ரப்பர் உறைகளைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் பை கட்டிய வண்டியைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"எங்கடி கெளம்பிட்ட?"

"லாவோஸுக்கு. தனியா."

"என்னடி இது."

"அஞ்சு பேரோட போயிருப்பேன் மா. நீங்க ரெண்டு பேரும் சேந்து அவங்கள முன்னாடி அனுப்பி வெச்சிட்டீங்க."

லூர்து என்னைப் பார்த்தாள். நான் கொய்யாப்பழத்தைப் பார்த்தேன்.

"பயமாருக்குன்னு எங்கிட்ட ஏன் மா சொல்லல?"

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். ஆனா உனக்குப் பயம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல. நீ சும்மா திட்டுறன்னுல்ல நெனச்சேன்."

இதற்குள் உள்ளே இருந்த தவுக்கே வெளியே வந்துவிட்டார். சீனர், ஆனால் நம் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாக விளங்கும். நடந்ததை நானே சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, நம்ம கட ஸ்டிக்கர் கட. நீ எப்ப இமிகிரேசன் ஆக்கின?"

"தப்புதான் தவுக்கே."

"ஆளு போலாமா, போகக் கூடாதா, அது அந்த கேட்ல இருக்கிற ஆபீசர் பாக்கும். நீ ஒட்டு. பயமா இருந்தா வாயில சொல்லு. ஸ்டிக்கர ஒளிச்சு வெக்காத."

இருபத்தேழு வருடத்தில் அவர் என்னைத் திட்டியது அது ஒன்றுதான். சைபர் ரோலுக்குக்கூடச் சிரித்தவர். நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை அவரே அன்றைக்குச் சொல்லிவிட்டார், அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

செலின் சாவியைத் தொடவில்லை.

"மா, நான் போகலன்னா உனக்கு சந்தோஷமா?"

லூர்து உறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, "இல்ல" என்றாள்.

"பின்ன என்னதான் வேணும்?"

"தெரியல லா. நீ தனியா போக வேணாம். அது மட்டும்தான்."

அப்போதுதான் எனக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது. செலினிடம், போனை எடுத்து உன் தலைவரைக் கூப்பிடு, எல்லைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேள் என்றேன். கூப்பிட்டாள். அந்த மனிதர் முதலில் தனியாகக் கிளம்ப நினைத்ததற்காக அவளைக் கிழித்தார். போனுக்கு வெளியே எங்களுக்கே கேட்டது. பிறகு, நாளைக்குப் பகலில் அவரும் இன்னொருவரும் எல்லைக்கு வந்து நிற்பதாகச் சொன்னார்.

"அப்ப எல்லைக்கு இந்தப் பக்கம்?" என்றாள் லூர்து.

"அது நம்ம நாடு மா. ஹைவே நேரா போகும்."

"நாளைக்கு எத்தன மணிக்கு கெளம்புற?"

"ஆறு மணிக்கு."

"நான் வாரேன். எல்லை கிட்ட, சங்லூன் வரைக்கும். அங்கேர்ந்து பஸ் இருக்குல்ல, நான் திரும்பிக்கிறேன்."

செலின் வாயைப் பிளந்தாள். "நீ என் மோட்டர்ல பசாருக்குக்கூட ஏற மாட்ட."

"பசாருக்கு நடந்து போலாம்."

நான் சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் பொருள் வைக்கிற பெட்டி இருந்தது. அதைத் துடைத்து, தண்ணீர் அடித்து, முட்டையை நேராக வைத்தேன். பிறகு பிளாஸ்டிக் தகட்டை லூர்து கையில் கொடுத்தேன். நடுவிலிருந்து வெளியே தள்ளு, காற்று தானாகப் போகும் என்றேன். அவள் முழங்காலிட்டுத் தள்ளினாள். ஒரு குமிழி இல்லாமல் தள்ளினாள், பிறகும் விடவில்லை.

"போதும்மா. பெட்டி தேஞ்சிரும்" என்றாள் செலின்.

"மழ பேஞ்சா உரியுமாக்கா?"

"நீ தேச்ச தேய்ப்புக்கு இனிமே பெட்டியத்தான் வெட்டி எடுக்கணும்."

தவுக்கே தன் வீட்டிலிருந்து ஒரு ஹெல்மெட் கொண்டுவந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கீழே நின்று பார்த்தேன். லூர்து ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, மகள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வண்டி மூலை திரும்புகிற வரைக்கும் அவள் முணுமுணுப்பது கேட்டது.

அன்று மதியம் செலினிடமிருந்து ஒரு படம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், இரண்டு பெரிய தாடிக்காரர்களுக்கு நடுவில் நிற்கிறாள். மூன்று வாரம் கழித்துக் கறுத்து, இளைத்து, நல்லபடியாகத் திரும்பி வந்தாள். போன வாரம் நம்பர் பிளேட் மாற்ற வந்தாளே, தொப்பி போட்டவள், உங்களுக்கெல்லாம் கொய்யாப்பழம் கொடுத்தாளே, அவள்தான். என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்கு நல்லது.

ஆனால் நான் நினைத்துப் பார்ப்பது அவள் திரும்பி வந்த நாளை அல்ல. அந்தப் புதன்கிழமை காலையைத்தான். கடையின் இரும்புக் கதவைத் தூக்கும்போது லூர்து ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். நடை கொஞ்சம் கோணலாக இருந்தது.

"முதுகு இருக்கா, சங்லூன்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

"பேசாதக்கா. தைப்பிங் வரைக்கும் கண்ணத் தொறக்கல."

"அப்புறம்?"

"கழுத்து வலிச்சுச்சு, தொறந்தேன். மலையெல்லாம் பக்கத்துலயே வருதுக்கா. லோரி பக்கத்துல வந்தா மெதுவா போறா. சிக்னல் போட்டுத்தான் திரும்புறா. நல்லா ஓட்டுறா."

"நீ சொல்லித் தந்த மாதிரி."

"போக்கா."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. முதுகு அப்படி.

"பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிட்டா. ரோட்டோரமா நின்னேன். திரும்பிப் பாப்பா, கையக் காட்டலாம்னு தூக்கி வெச்சிருந்தேன். பாக்கவே இல்ல."

"வருத்தமா?"

லூர்து ஹெல்மெட்டின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். சுத்தமாக இருந்ததைத்தான் துடைத்தாள்.

"இல்லக்கா. ரோட்டப் பாத்துக்கிட்டே போனா."